நல்ல சேதிக்குக் கொடுத்த பணம்

நவம்பர் மாதத்தில் பசு மலிவாகக் கிடைக்கும். புல் கையிருப்பு போதாதவர்கள் எல்லாரும் பனி இறுகுவதற்குள் விற்றுவிடப் பார்ப்பார்கள். வாங்குகிறவனுக்கு அது நல்ல நேரம்தான். ஆனால் வாங்கியதைக் குளிர் முடியும்வரை சாகாமல் வைத்திருக்கப் புல் வேண்டும். இது தெரியாமல் நான் வாங்கவில்லை. யோசித்து, வீட்டில் கலந்துபேசி, சந்தையில் பதினொரு பசுவைப் பார்த்துப் பன்னிரண்டாவதைத்தான் வாங்கினேன். "அவசரத்தில் செய்துவிட்டான்" என்று உங்கள் விசாரணைக் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. எனக்கு நல்லது நினைத்து எழுதியிருப்பீர்கள். ஆனால் அது சரியில்லை. நான் அவசரப்படவே இல்லை.

என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து எனக்கு முப்பது வயதுக்குமேல் வந்தது. ஏழு வயதில் ஆட்டுக்குப் பின்னால் போனவன் நான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும் என் பேர் இருந்தது. மலைமேல் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை ஓய்ந்த நேரத்தில், என்கூட வேலை செய்த கெமெல்தான் பலகைக் கதவில் கரித்துண்டால் எழுதிக்காட்டிச் சொல்லிக்கொடுத்தான். பொறுமைக்காரன். என் கையெழுத்து கோணலாக இருந்தால் அது அவன் குற்றம் இல்லை.

நீங்கள் தலைநகர் பிஷ்கேக்கில் வளர்ந்தவர், அதனால் ஒன்றை விளக்கமாக எழுதுகிறேன். எங்கள் பக்கம் நல்ல சேதி கொண்டுவருகிறவனுக்கு வாசலிலேயே ஏதாவது கொடுக்கவேண்டும். அதற்கு சுயுன்ச்சு என்று பேர். குழந்தை பிறந்தது, பட்டாளத்துக்குப் போனவன் திரும்பினான், காணாமல்போன குதிரை கிடைத்தது, எதுவானாலும் சரி. தொப்பி, ஆட்டுக்குட்டி, பணம், அந்த நேரத்தில் கையில் என்ன இருக்கிறதோ அது. சேதியைக் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. கெட்ட சேதி அப்படி வராது. அதைத் தனி ஆள் கொண்டுவரக்கூடாது. நாலைந்து பெரியவர்கள் சேர்ந்து, நடந்து, மெதுவாக வருவார்கள். அவர்கள் தூரத்தில் தெரியும்போதே வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடும். அதனால் தனியாக ஒருவன் குதிரையை விரட்டிக்கொண்டு வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் நான் மம்பேத் வீட்டு வாசலுக்குத் தனியாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

மம்பேத் கெமெலின் அப்பா. கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் டிராக்டர் ஓட்டினவர். பண்ணையைக் கலைத்துப் பங்கு பிரித்தபோது மற்றவர்கள் ஆடு வாங்கிக்கொண்டார்கள், இவர் சங்கிலிச் சக்கர டிராக்டரை வாங்கிக்கொண்டார். அதை விற்றுவிட்டு நகரத்துக்குப் போகலாம் என்று கெமெல் சொல்லப்போய், விருந்தாளிகளுக்கு முன்னால் சாட்டைக் காம்பால் அவனை அடித்துவிட்டார். எட்டு மாதம் ஆயிற்று. அதற்குப்பிறகு கெமெல் மலையைவிட்டு இறங்கவில்லை. அவராகக் கூப்பிடட்டும் என்று இவன், அவனாக வரட்டும் என்று அவர். நடுவில் கெமெலின் அம்மா சாய்ரா பெரியம்மா அழுது அழுது கண் மங்கிப்போயிருந்தார்.

குதிரையைப் பார்த்ததும் மம்பேத் வேலியோரம் ஓடி வந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பெக்தூர், தனியாவா வர்றே?"

"தனியாத்தான், பெரியப்பா."

"யாரும் கூட வரலையே? பின்னால நடந்து யாரும் வரலையே?"

"இல்லை."

அவர் வீட்டைப் பார்த்துக் கத்தினார். "அடியே சாய்ரா, வெளிய வா. பையன்கிட்டேருந்து சேதி வந்திருக்கு. பெக்தூர் தனியா வந்திருக்கான், குதிரைக்கு நுரை தள்ளுது பாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய் ஒரு துணி முடிச்சோடு வந்தார். மூன்று நாளைக்கு முன்னால் பெண்குதிரையை விற்ற பணம், அப்படியே முடிச்சு அவிழ்க்காமல் இருந்தது. என் சட்டைக்குள் திணித்தார்.

"பூராத்தையுமா?" என்றார் பெரியம்மா. பிறகு அவரே சிரித்துவிட்டார். "குடு, குடு. கஞ்சப்பயன்னு ஊரே சொல்லுது. இன்னிக்கோட வாயை மூடட்டும்."

"இப்ப சொல்லுடா," என்றார் மம்பேத். "என்ன சொன்னான்?"

"அப்பாவைப் பார்க்கணும்னு சொன்னான், பெரியப்பா."

இது பொய் இல்லை. இந்த வார்த்தைகளைத்தான் கெமெல் சொன்னான். சுரங்கத்தில் எங்களோடு இருந்த ஜாக்கிப்பிடமும் கேட்டிருப்பீர்கள், அவரும் இதையே சொல்லியிருப்பார்.

கெமெல் அதை எப்போது சொன்னான் என்பதையும் எழுதவேண்டும். புதன்கிழமை சாயங்காலம் சுரங்கக் கூரை இறங்கியது. கெமெலின் இரண்டு கால்களும் முழங்காலுக்குமேல்வரை அடியில் மாட்டிக்கொண்டன. நானும் ஜாக்கிப்பும் அவர் தங்கை மகனும் தோண்டி எடுத்தோம். கட்டுப்போட்டு, குடிசையில் அடுப்போரம் படுக்கவைத்தோம். முகம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் நினைவு இருந்தது. அப்போதுதான் அப்பாவைப் பார்க்கணும் என்றான். ஜாக்கிப் எங்களில் மூத்தவர், ஆப்கான் சண்டைக்குப் போனவர், காயம் தெரிந்தவர். வியாழன் விடியலில் இருந்த ஒரே குதிரையை எனக்குக் கொடுத்து அனுப்பினார். கணவாய்ப் பாதையில் பனி விழுந்துவிட்டதால் லாரி ஏறாது. குதிரைமேல் கெமெலை உட்காரவைக்க முடியாது. பாதையைத் தள்ளித் திறந்துகொண்டு ஏறக்கூடியது மம்பேத்தின் டிராக்டர் ஒன்றுதான். பின்னால் வண்டி கட்டி, புல் பரப்பி, ஆஸ்பத்திரிக்குப் பணத்தோடு வரச்சொல்லி அனுப்பினார். "ரெண்டு நாள் தாங்குவான். மிஞ்சினா மூணு. அதுக்குள்ள இறக்கிட்டா காலு போனாலும் ஆளு மிஞ்சும்," என்றார்.

இந்தச் சேதியைத்தான் நான் கொண்டுபோனேன்.

மம்பேத் நான் சொன்ன அந்த முதல் வார்த்தையோடே கொட்டகைக்குப் போய்விட்டார். டிராக்டர் மேலே கிடந்த கம்பளியை இழுத்துப் போட்டார். "நானே போறேன். போய், கழுதைப்பயலைக் காதைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்," என்றார். டீசல் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். நிறைய இருந்தது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது.

நான் சொன்னேன்: "வேண்டாம் பெரியப்பா. நீங்க மேல போனா, எல்லார் முன்னாலயும் அவன் திரும்பவும் முறுக்கிக்குவான். தானா இறங்கி வரட்டும். பத்து நாள் பொறுங்க."

அவர் பீப்பாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு கம்பளியை எடுத்து டிராக்டர்மேல் திரும்பவும் போர்த்தினார். "நீ சொல்றது சரிதான். என் புத்திதானே அவனுக்கும்," என்றார்.

ஏன் சொன்னாய் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டே உண்மையையும் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்க முடியாது. சேதி கெட்டது என்றால் சுயுன்ச்சு செல்லாது. யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், ஆனால் வாங்கினவன் அங்கேயே திருப்பி வைக்கவேண்டும். அந்த வீட்டில் அதைத் தவிர ரொக்கம் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு அதுதான் போகும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் பஞ்சுகூட நாம்தான் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும்.

என் வீட்டைப்பற்றி நீங்கள் கேட்கவில்லை. போன வருஷம் பிப்ரவரியில் என் மகன் போய்விட்டான், ஐந்து மாதக் குழந்தை. நோய் என்று ஒன்றும் இல்லை. என் மனைவி ஜிபெக்குக்குப் பால் வற்றிவிட்டது, வெந்நீரில் மாவு கரைத்துக் கொடுத்தோம், அது அவனுக்குப் போதவில்லை. தரை உறைந்து கடப்பாரை இறங்காததால் பழைய டயர்களைக் கொளுத்தி மண்ணை இளக்கித்தான் குழி தோண்டினேன். குழி சிறியது, ஆனால் ஒரு பகல் முழுக்க ஆயிற்று. இந்த வருஷம் ஜூலையில் பெண் பிறந்தாள். அய்தை என்று பேர். நான் மலையிலிருந்து இறங்கிய அன்று அவளுக்கு நாலு மாதம். நிலக்கரி வாங்குகிறவன் கோடையிலிருந்து கூலிக்குப் பதிலாகப் புழு வைத்த மாவுதான் கொடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் நுழைந்தபோது ஜிபெக் கிண்ணத்தில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

முடிச்சை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "யாரைக் கொன்னுட்டு வந்தே?" என்றாள்.

"கரி வாங்குறவன் பாக்கியை மொத்தமாத் தந்துட்டான்."

"அவனா? அவன் அம்மா செத்தப்ப பொணத்துக்குச் சுத்துற கபன் துணியையே கடன்ல வாங்கினவன். சூரியன் எந்தப் பக்கம் உதிச்சது இன்னிக்கு?" என்று சிரித்தாள். மகன் போனதற்குப்பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, அந்தப் பணத்தை என்ன செய்வது என்று பேசினோம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அப்படி ஒரு நாள் எங்களுக்கு அமைந்ததில்லை. கையில் பணத்தை வைத்துக்கொண்டு எதை வாங்கலாம் என்று யோசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஜிபெக் முதலில் ஜன்னலுக்குக் கண்ணாடி என்றாள். பிறகு ஒரு மூட்டை சீனி வாங்கி யாருக்கும் கொடுக்காமல் தான் மட்டும் தின்னப்போவதாகச் சொன்னாள்.

"பல்லு கொட்டிப் போயிடும்டி."

"கொட்டட்டும். இருக்கிற பல்லுக்கு இங்க என்ன வேலை?"

நல்ல மாவு வாங்கலாம் என்றேன் நான். மார்ச்சுக்குள் தீர்ந்துவிடும் என்றாள். நகரத்துக்குப் போய் ஒரு அறை எடுக்கலாம் என்றேன். அறையைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்க முடியுமா என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், சிரித்துக்கொண்டே குத்துவாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பசு," என்றாள். "கன்னு போட்ட பசு. எது வாங்கினாலும் தீந்துபோகும், பசு மட்டும் காலையில எந்திரிச்சா திரும்பவும் பால் தரும்." அதற்குமேல் நாங்கள் வேறு எதையும் பேசவில்லை.

மாட்டுச்சந்தை ஞாயிற்றுக்கிழமைதான். அதுவரை பொறுக்கவேண்டியிருந்தது. என் கணக்கு இப்படி இருந்தது: ஞாயிறு பசுவை வாங்கிவிடுவது, சாயங்காலமே மம்பேத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. பணம் பசுவாக மாறிவிட்டால் பிறகு அது பணம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவர் வேறு எங்காவது ஏற்பாடு செய்துகொள்வார், அவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. கெமெல் திடகாத்திரமானவன். மூன்று நாள் என்று ஜாக்கிப் சொன்னது சாதாரண ஆளுக்கு. கெமெல் நாலு நாள் தாங்குவான் என்று நினைத்தேன். இது தவறான கணக்கும் இல்லை. அவன் ஐந்து நாள் தாங்கினான்.

சனிக்கிழமை காலையில் ஒரு இடையர் என் வாசலில் குதிரையை நிறுத்தினார். கணவாய்க்கு அப்பால் விட்டிருந்த யாக் மாடுகளைப் பார்க்கப் போகிறவர். "சுரங்கத்து வழியாத்தான் போறேன். ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். நான் யோசித்தேன். மேலே இருக்கிறவர்கள் வியாழனிலிருந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிராக்டர் வரவில்லை என்றால் இன்னொருவர் நடந்தாவது இறங்கிவந்து மம்பேத் வாசலில் நிற்பார். ஞாயிறு இன்னும் வரவில்லை. அதனால் சொன்னேன்: "டிராக்டர் கிளம்பிக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க. யாரும் இறங்க வேண்டாம், அவனைச் சூடா வச்சிருக்கச் சொல்லுங்க." வெறும் கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஒரு பொட்டலம் டீயும், ஜிபெக் அன்று சுட்ட ரொட்டி நாலும் கொடுத்தனுப்பினேன்.

ஜாக்கிப் உங்களிடம் சொன்னது இதைத்தான். சுரங்கத்துப் பலகைக் கதவைக் கழற்றிச் சறுக்குக்கட்டை மாதிரி செய்து, கெமெலை அதன்மேல் கட்டி, இரண்டு பேருமாகப் பனியில் இழுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்களாம். என் சேதி வந்ததும் கயிற்றை அவிழ்த்து, அவனைத் திரும்பவும் அடுப்போரம் படுக்கவைத்துவிட்டார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. ஆனால் என் பேச்சை நம்பி எடுத்த முடிவு என்பதை நான் மறுக்கவில்லை. கெமெல் ரொட்டியைக் கொஞ்சம் தின்றானாம். "பெக்தூர் எதையும் முடிக்காம விடமாட்டான்," என்று சொன்னானாம்.

ஞாயிற்றுக்கிழமை பசுவை வாங்கினேன். சிவப்புப் பசு, மூன்றாவது ஈத்து, சாது. சந்தையிலிருந்து ஊருக்கு வர மம்பேத் வீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். அவர் வேலியோரம் நின்றார். முகம் மழித்திருந்தார்.

"சாய்ரா, ஒரு கை மாவு கொண்டா," என்று கூப்பிட்டார். பெரியம்மா வந்து பசுவின் நெற்றியில் மாவு பூசினார். மம்பேத் இரண்டு கையையும் ஏந்தி, பால் குறையாமல் இருக்கட்டும், என் மகன் இறங்கி வரும் வழியில் இந்தப் பசுவின் பாலைக் குடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முகத்தில் தடவிக்கொண்டார். அன்று சாயங்காலம் சொல்வதாக இருந்தேன் என்று எழுதினேன் அல்லவா? கை ஏந்தி நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? நானும் கை ஏந்தி, முகத்தில் தடவிக்கொண்டு, பசுவை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமையும் போகவில்லை. புல் தேடப் போகவேண்டியிருந்தது.

நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நேற்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஜாக்கிப் உன்னைத் தனியாகப் போகச் சொன்னாரா?" என்று கேட்டீர்கள். இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் ஓஸ்மோன் பெரியவர் வீட்டுக்கும் முல்லா வீட்டுக்கும் போ, அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து போ, கிழவர் தனி ஆளைப் பார்த்தால் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார் என்று சொல்லித்தான் அனுப்பினார். இரண்டு வீட்டிலும் புகை வந்துகொண்டிருந்தது. ஆட்கள் இருந்தார்கள். நான் நிற்காமல் தாண்டினேன். மம்பேத் பெண்குதிரையை விற்றது எனக்கு முன்னாலேயே தெரியும். வழியில் மாவு அரைக்கிற ஆலைக்காரன் சொன்னான். கடைசி மேட்டில் குதிரைக்கு இரண்டு அடி கொடுத்து ஓட்டமாக விரட்டினதும் நான்தான். அவர் எவ்வளவு கொடுப்பார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜாக்கிப் நடந்தே இறங்கிவந்தார். இடுப்புவரை பனி அப்பியிருந்தது. கெமெல் திங்கட்கிழமை மதியம் போய்விட்டான். டிராக்டர் சத்தம் கேட்கிறதா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தானாம். ஜாக்கிப் முறை தெரிந்தவர். நேராக மம்பேத்திடம் போகாமல் பெரியவர்களைக் கூட்டினார். கூடவேலை செய்தவன் என்பதால் நானும் வரவேண்டும் என்று ஓஸ்மோன் பெரியவர் சொன்னார். ஆறு பேர் நடந்து போனோம்.

வீட்டு முன்சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். நவம்பரில் அடித்தால் காயாது, திட்டுத்திட்டாக ஈரமாக இருந்தது. உள்ளே பெரியம்மா ஏதோ பாடிக்கொண்டே புது மெத்தைக்குக் கம்பளி அடைத்துக்கொண்டிருந்தார். மம்பேத் கொட்டகையில் டிராக்டருக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நிறுத்தினார்.

"பெக்தூர்," என்றார், "நீ ஏன்டா இவங்களோட நடந்து வர்றே?"

பெரியவர்கள் சொன்னார்கள், முறைப்படி.

மம்பேத் அதற்குப்பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பணத்தைப்பற்றி உங்களிடமும் பேசவில்லை என்று சொன்னீர்கள். புகார் கொடுத்தது ஜாக்கிப். கொடுத்தது சரி. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். தண்டனை என்னவோ அதை ஏற்றுக்கொள்கிறேன். சேதியை மறைத்தது நான், டிராக்டரை நிறுத்தினது நான், மேலே இருந்தவர்கள் கெமெலை இறக்கவிடாமல் செய்ததும் நான். உங்கள் காகிதத்தில் இந்த மூன்று வரிகளுக்கும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

பசுவை மம்பேத்துக்குக் கொடுத்துவிடவேண்டும் என்ற நாலாவது வரிக்கு மட்டும் போடவில்லை. குழந்தைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அதற்காக மட்டும் இல்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது. சுயுன்ச்சு சந்தோஷத்துக்குக் கொடுப்பது. வியாழன் மத்தியானம் தொடங்கி செவ்வாய் மத்தியானம்வரை அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. சுவரைப் பார்த்தேன், பாட்டைக் கேட்டேன். நான் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் வியாழக்கிழமையே அழுகைதான். எட்டு மாதமாக அழுத அந்த அம்மாவுக்கு ஐந்து நாள் யாராலும் கொடுக்க முடியாததை நான் கொடுத்தேன், ஐயா. அவர்கள் கொடுத்த பணத்துக்கு உரியது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.